பேசுவது நீயா, நோயா?

ஒரு வெள்ளிக்கிழமை இரவு. பெருங்குடி அலுவலகத்தில் ரிலீஸ் இருந்தது. போனை சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் 43 மிஸ்டு கால்கள். செய்திகள் ‘சாப்டியா?’ என்று ஆரம்பித்திருந்தன. அப்புறம் ‘பிஸியா?’. அப்புறம் ‘ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?’. அப்புறம் ‘புரியுது, நான் வேண்டாம் உனக்கு’, ‘நிம்மதியா இரு’. கடைசியாக, ‘ஸாரிடா. கோவமா? ப்ளீஸ் பேசு.’

இரண்டரை மணி நேரத்துக்குள் அவள் தனியாக ஒரு பிரிவை முழுசாக வாழ்ந்து, அதற்கு அழுது, மறுபடி சேர்ந்தும் விட்டிருந்தாள். நான் அந்த நேரத்தில் ஒரு டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஓடி முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையில் அவளை ‘அவள்’ என்றே சொல்லப்போகிறேன். எழுதலாமா என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “எழுது. ஆனா உன்னோடதையும் எழுதணும்.” அந்த நிபந்தனை இல்லாமல் இருந்திருந்தால் இது எழுதுவதற்கு ரொம்பச் சுலபமான கட்டுரை.

*

நாங்கள் சேர்ந்திருந்த மூன்று வருடங்களில் என் உலகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. முதலில் லைவ் லொகேஷன். பிறகு போன் பாஸ்வேர்டு. பிறகு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நின்றுபோனது. கல்லூரி நண்பர்கள் குழுவில் இருந்த இரண்டு தோழிகளுக்குப் பதில் போடுவதை நிறுத்தினேன். எதையும் அவள் கட்டளையாகச் சொன்னதில்லை. அழுவாள், இல்லையென்றால் சாப்பிடாமல் இருப்பாள். ‘நான் உன்னைத் தடுக்கல, ஆனா நீ போனா எனக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியல’ என்பாள். அதற்கப்புறம் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நான்தான், பேருக்கு.

வெளியில் இருந்தவர்களுக்கு இது பிரச்சினையாகவே தெரியவில்லை. “செம பொசசிவ் மச்சான்” என்று நண்பர்கள் பொறாமைப்பட்டார்கள். அம்மா, “அவ்ளோ பாசம்டா அவளுக்கு உம்மேல” என்றாள். பொசசிவ் என்ற ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வந்ததும் கிட்டத்தட்ட ஒரு செல்லப்பெயராகிவிட்டது. ‘கொஞ்சம் பொசசிவ்’ என்று மாப்பிள்ளையைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம்.

இரண்டாவது வருடம் ஒரு மோசமான இரவுக்குப் பிறகு மனநல மருத்துவரிடம் போனோம். சில அமர்வுகளுக்கு அப்புறம் அவர் அந்தப் பெயரைச் சொன்னார். பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர். அவள் அதைக் கேட்டு ஆறுதலடைந்தாள், தான் அனுபவிப்பதற்கு ஒரு பெயராவது இருக்கிறதே என்று. நானும் ஆறுதலடைந்தேன். ஆனால் என் ஆறுதல் வேறு ரகம். பல மாதமாகத் துரத்திய ஒரு பிழைக்கு எரர் கோடு கிடைத்தால் எங்கள் ஆட்களுக்கு வருமே, அந்த மாதிரி ஒரு ஆறுதல்.

*

பார்டர்லைன் என்றால் எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கும் எல்லை? 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஒரு பக்கம் நியூரோசிஸ், மறுபக்கம் சைக்கோசிஸ், இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்பவர்கள். 1975இல் ஜான் கண்டர்சனும் மார்கரெட் சிங்கரும் இதன் அடையாளங்களைத் தொகுத்தார்கள். 1980இல் அமெரிக்க உளவியல் மருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்மின் மூன்றாம் பதிப்பில் அதிகாரப்பூர்வமான நோயாக ஏறியது. அந்தப் பழைய எல்லையை இன்று யாரும் நம்புவதில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது, கடையை மூடிய பிறகும் பஸ் ஸ்டாப்புக்கு அதன் பெயரே நிற்பது மாதிரி.

இன்றைய கையேட்டில் ஒன்பது அறிகுறிகள் இருக்கின்றன. கைவிடப்படுவோமோ என்ற பதற்றத்தில் எதையும் செய்வது, ஒருவரை ஒரு நாள் தெய்வமாகவும் மறுநாள் துரோகியாகவும் பார்ப்பது, தான் யார் என்பதே நிலையில்லாமல் இருப்பது, யோசிக்காமல் ஆபத்தில் இறங்குவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது அல்லது தற்கொலை முயற்சி, மணிக்கணக்கில் மாறும் மனநிலை, தீராத வெறுமை, அடக்க முடியாத கோபம், நெருக்கடியில் தற்காலிகமாக வரும் சந்தேகம் அல்லது தன்னிலிருந்தே விலகிப்போன உணர்வு. ஒன்பதில் ஐந்து இருந்தால் போதும்.

படித்த படிப்பு சும்மா விடாது இல்லையா, கணக்குப் போட்டேன். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ அமையும் வழிகள் மொத்தம் 256. ஒரே பெயரைச் சுமக்கும் இரண்டு பேருக்கு நடுவில் பொதுவாக ஒரே ஓர் அறிகுறி மட்டும் இருப்பதும் சாத்தியம். ஆக ‘பார்டர்லைன்காரங்க எல்லாம் இப்படித்தான்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் கணக்குப்படியே தப்பு.

அந்தப் பட்டியலைப் பலமுறை வாசித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அதில் ‘அடுத்தவரைக் கட்டுப்படுத்துதல்’ என்று ஓர் அறிகுறி இல்லவே இல்லை.

*

இது சின்ன விஷயம் இல்லை. லைவ் லொகேஷன், பாஸ்வேர்டு, நின்றுபோன கிரிக்கெட் எல்லாவற்றையும் நான் ‘நோய்’ என்ற ஒரே கணக்கில் எழுதி வைத்திருந்தேன். பட்டியலில் இருப்பது பயம். கைவிடப்படுவோம் என்ற, உடம்பையே ஆட்டிவைக்கிற பயம். கட்டுப்படுத்துவது அந்தப் பயத்துக்கு ஒருவர் கண்டுபிடிக்கும் பல பதில்களில் ஒன்று. அதே பயம் இருக்கும் இன்னொருவர் யாரையும் நெருங்கவே விடாமல் இருக்கலாம். வேறொருவர் கைவிடப்படும் முன்பே தானே விட்டுவிட்டுப் போகலாம்.

மறுபக்கமும் உண்மை. இந்த ஊரில் மனைவியின் போனைச் சோதிக்கும் கணவன்மார்கள், வேலையை விடச் சொல்பவர்கள், சம்பள கார்டைக் கையில் வைத்திருப்பவர்கள், அம்மா வீட்டுக்குப் போக நாள் குறிப்பவர்கள், இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்த நோயும் கிடையாது. யாரும் அவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. அதற்குப் பெயர் ‘குடும்பப் பொறுப்பு’. பெண்ணின் கோபத்துக்குச் சீக்கிரமாக ஒரு நோயின் பெயரும் ஆணின் கட்டுப்பாட்டுக்குச் சீக்கிரமாக ஒரு குணத்தின் பெயரும் கிடைத்துவிடுகின்றன.

ஈவன் ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் 2007இல் எழுதிய நூலில், குடும்ப வன்முறையை அடி உதைகளின் எண்ணிக்கையாகப் பார்ப்பதே தவறு என்றார். ஒருவரின் அன்றாடத்தை, யாரைப் பார்க்கிறார், எதற்குச் செலவழிக்கிறார், என்ன உடுத்துகிறார் என்பதை அணு அணுவாகக் கைப்பற்றுவதுதான் அதன் மையம் என்பது அவர் வாதம். அடி விழாமலே ஒருவரைச் சிறை வைக்க முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 சட்டப்படி இது ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். நம் நாட்டில் பெண்களுக்கான 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனரீதியான துன்புறுத்தலையும் பொருளாதாரத் துன்புறுத்தலையும் வன்முறை என்றே சொல்கிறது.

இதைப் படித்தபோது என் நிலைமையை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உலகம் சுருங்கியது என்பது உண்மை. ஆனால் என் சம்பளம் என் கணக்கில்தான் இருந்தது. நான் வெளியேறினால் ‘பையன் தப்பிச்சான்’ என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். என்னிடம் ஒரு கதவு இருந்தது. ஸ்டார்க் எழுதிய பெண்களில் பலருக்கு அது இல்லை. அதனால் ‘நானும் பாதிக்கப்பட்டவன்’ என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

காதலில் சந்தேகமும் சண்டையும் இயல்புதானே என்று கேட்கலாம். திருக்குறளின் கடைசி அதிகாரங்களே ஊடலைப் பற்றியவைதான். ‘புலவி நுணுக்கம்’ அதிகாரத்தில் அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். மறுகணமே, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். சரி என்று அடுத்த தும்மலை அடக்கினால், உன்னை நினைப்பவர்களை என்னிடம் மறைக்கிறாயா என்று அழுகிறாள். பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தால், யாரோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறாய் என்கிறாள். முதன்முறை கவனமாகப் படித்தபோது சிரித்தேன். இரண்டாவது முறை சிரிப்பு வரவில்லை. அது என் வாட்ஸ்அப் மாதிரியே இருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தத் தலைவன் அடுத்த நாள் காலையில் நண்பர்களைப் பார்க்கப் பயப்படுகிறவனாக எங்கும் வருவதில்லை. ஊடல் முடிந்தபின் அவன் உலகம் இருந்த அளவிலேயே இருக்கிறது. முந்தைய அதிகாரத்தில் வள்ளுவரே ஊடலை உப்போடு ஒப்பிட்டு, கொஞ்சம் கூடினாலும் கெட்டது என்று அளவு சொல்லிவிடுகிறார். எனக்குத் தெரிந்த எளிய அளவுகோல் இதுதான். சண்டை முடிந்த பிறகு இருவரில் ஒருவருடைய உலகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிறிதாகிக்கொண்டே போகிறதா? போகிறது என்றால் அது ஊடல் இல்லை.

*

இப்போது கேள்விக்கு வருகிறேன். நோயில் வேர் கொண்ட ஒரு செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாமா? அவள்மேல் கோபப்பட எனக்கு உரிமை உண்டா?

பீட்டர் ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1962இல் நிகழ்த்திய உரை ஒன்று இதற்குப் பக்கத்தில் வருகிறது. நாம் மனிதர்களை இரண்டு விதமாக அணுகுகிறோம் என்கிறார். ஒன்று, சக மனிதராக. அதில் கோபம், நன்றி, வருத்தம், மன்னிப்பு எல்லாம் உண்டு. இன்னொன்று, புறவயமாக. எதிரில் இருப்பவர் கையாளப்பட வேண்டிய, சிகிச்சை தரப்பட வேண்டிய ஒரு விஷயம். அதில் கோபம் இல்லை. பஸ் லேட்டானால் நாம் பஸ்மேல் உண்மையாகக் கோபப்படுவதில்லை, அந்த மாதிரி. கோபம் போய்விடுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கோபத்தோடு சேர்ந்து அந்த மனிதரும் போய்விடுகிறார். இந்த இரண்டாவது பார்வையில் ஒருவரோடு சமாளிக்கலாம், உறவாட முடியாது.

நான் செய்தது அதுதான். மருத்துவர் பெயர் சொன்ன நாளிலிருந்து நான் ரொம்ப நல்லவனாகிவிட்டேன். கோபப்படுவதே இல்லை. அவள் கத்தினால் அமைதியாக மூச்சுவிடச் சொன்னேன். நோட்ஸ் ஆப்பில் தேதி போட்டு, என்ன காரணம், எத்தனை மணி நேரம், எப்படி முடிந்தது என்று எழுதிவைத்தேன். மருத்துவருக்கு உதவும் என்று சொல்லிக்கொண்டேன். ஒருநாள் அதை அவள் பார்த்துவிட்டாள். “நான் உனக்கு ஒரு டிக்கெட்டா?” என்று மட்டும் கேட்டாள். ஆபீஸில் ஒவ்வொரு பிழைக்கும் நாங்கள் போடும் அந்த டிக்கெட்டைத்தான் சொன்னாள்.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை மாலை நண்பர்களோடு வெளியே போயிருந்தேன். நான் பதில் போடுவதை நிறுத்தியிருந்த தோழிகளில் ஒருத்தியும் வந்திருந்தாள். அவளிடம், புரொடக்‌ஷன் இஷ்யூ, ஆபீஸில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லியிருந்தேன். லொகேஷனை அணைத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், “எங்க இருந்த? உண்மையச் சொல்லு.” நான் மிக நிதானமாக, கிட்டத்தட்ட அன்பாக, இப்படிச் சொன்னேன்: “இது நீ பேசல. உன் நோய் பேசுது.”

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஆமால்ல, எனக்குத்தான் புத்தி சரியில்ல” என்றாள்.

அவள் சந்தேகப்பட்டது சரி. நான் பொய் சொன்னேன். ஒரு மருத்துவச் சொல்லை எடுத்து, தன் கண்ணையும் காதையுமே அவள் நம்பாதபடி செய்தேன். மூன்று வருடங்களில் எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்ததிலேயே மிகத் துல்லியமான கட்டுப்படுத்தல் அதுதான். செய்தது எந்த நோயும் இல்லாத நான்.

கட்டுப்பாட்டுக்குள் இருப்பவர் தப்பிக்கப் பொய் சொல்வது புரிந்துகொள்ளக்கூடியது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பொய்யை என்னால் ஓரளவு மன்னித்துக்கொள்ள முடிகிறது. அந்த வாக்கியத்தை முடியவில்லை.

*

மார்ஷா லினஹனின் கதை எனக்கு அப்போது தெரியாது. 1961இல், 17 வயதில், அமெரிக்காவின் கனெடிகட்டில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தன்னைத்தானே விடாமல் காயப்படுத்திக்கொண்ட பெண். 26 மாதங்கள் அங்கே இருந்தார். பிறகு படித்து உளவியலாளராகி, இந்த நோய்க்கு இன்று பரவலாகப் பயன்படும் டி.பி.டி. என்ற சிகிச்சை முறையை உருவாக்கினார். தன் சொந்தக் கதையை வெளிப்படையாகச் சொன்னது 2011இல்தான், அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய்.

அவர் கோட்பாட்டின்படி இந்த நோய்க்கு இரண்டு கால்கள். ஒன்று, பிறவியிலேயே உணர்ச்சிகள் வேகமாகவும் கடுமையாகவும் பற்றிக்கொள்ளும் இயல்பு. இன்னொன்று, ‘நீ உணர்வது தப்பு’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும் சூழல். இரண்டாவதைப் படித்தபோது அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. நான் அவளுக்குச் சிகிச்சைக்குத் துணையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, நோயின் இரண்டாவது காலாக நின்றிருக்கிறேன்.

டி.பி.டி.யின் அடிப்படை, முரண்பட்ட இரண்டை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வது. நீ இப்போது இருக்கும் நிலை புரிந்துகொள்ளத்தக்கது. நீ மாறியே ஆக வேண்டும். உன் பிரச்சினைகள் எல்லாவற்றுக்கும் நீ காரணம் இல்லை. ஆனாலும் தீர்க்க வேண்டியது நீதான்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கான சிகிச்சைக் குழுமத்தில் பணியாற்றிய ஹன்னா பிக்கார்ட் என்ற தத்துவவாதி இதையே ‘பழி இல்லாத பொறுப்பு’ என்று 2011இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பொறுப்பே இல்லை என்று சொன்னால் மாறும் சக்தியும் இல்லை என்றாகிவிடும். பழி சுமத்தினால் ஏற்கெனவே தன்னை வெறுப்பவர் இன்னும் உடைவார். ஆகவே, செய்தது நீதான், வேறு விதமாகச் செய்யவும் உன்னால் முடியும் என்று சொல்ல வேண்டும். இகழ்ச்சி இல்லாமல் சொல்ல வேண்டும்.

எங்கள் துறையில் ‘பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்’ என்று ஒரு வழக்கம் உண்டு. சர்வர் விழுந்தால் யார் தப்பு என்று தேடாமல், எப்படி நடந்தது என்று மட்டும் பேசுவோம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாரையும் மன்னித்துவிடும் கூட்டம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஆவணத்தின் கடைசிப் பகுதியில் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்கும். பழி இல்லை, பொறுப்பு உண்டு.

ஆனாலும் இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பிக்கார்ட் பேசுவது சிகிச்சை தருபவரின் நிலையிலிருந்து. அவர் மாலையில் வேறு வீட்டுக்குப் போய்விடுவார். காதலனோ காதலியோ காயம் படும் இடத்திலேயே தூங்கி எழுகிறார். அவருக்குக் கோபமே வரக்கூடாது என்று கேட்பது அநியாயம். ஸ்ட்ராசன் சொல்வதன்படி அது எதிராளிக்கும் அவமரியாதை. என் முடிவு இதுதான்: கோபம் வேறு, இகழ்ச்சி வேறு. ‘நீ இப்படிச் செஞ்சது எனக்கு வலிக்குது, இதை நான் ஏத்துக்க மாட்டேன்’ என்பது கோபம். அதில் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், அவரால் பதில் சொல்ல முடியும். ‘உங்களை மாதிரி ஆளுங்க இப்படித்தான்’, ‘உன் நோய் பேசுது’ இரண்டும் இகழ்ச்சி. அதில் எதிரே யாரும் இல்லை.

*

கடினமான பகுதி, ‘நீ போனா செத்துடுவேன்’ என்பது. இது மிரட்டலா, அழுகையா என்று வருடக்கணக்காக யோசித்தேன். கேள்வியே தப்பு என்று இப்போது நினைக்கிறேன். இந்த நோயில் உயிராபத்து நிஜம். அதனால் ஒவ்வொரு தடவையும் அதை நிஜமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நிஜமாக எடுத்துக்கொள்வது என்றால், இரவு முழுக்க நான் ஒருவன் மட்டும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது இல்லை. அவள் அக்காவுக்குச் சொல்வது, மருத்துவருக்குச் சொல்வது, 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுவது. ஓர் உயிரை ஒரே ஓர் ஆளின் இருப்பில் கட்டிவைத்தால் கட்டப்பட்டவர் கைதியாகிறார், கட்டியவரும் பாதுகாப்பாக இல்லை. உதவியைப் பரவலாக்குவது துரோகம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

எல்லை வகுப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் என்ன வித்தியாசம்? எல்லை என் நடத்தையைப் பற்றியது. ‘ரிலீஸ் நேரத்தில் போன் எடுக்க மாட்டேன், பத்து மணிக்கு நானே கூப்பிடுவேன்.’ கட்டுப்பாடு உன் நடத்தையைப் பற்றியது. ‘நீ அவகூடப் பேசக்கூடாது.’ சொல்லும்போது சுத்தமாக இருக்கிறது. நடைமுறையில் ‘நீ கத்தினா நான் போய்டுவேன்’ என்பதை எல்லை என்ற பெயரில் நான் மிரட்டலாகவும் பயன்படுத்தியிருக்கிறேன். கைவிடப்படுவதற்கு அஞ்சும் ஒருத்தியிடம் அந்த வாக்கியம் என்ன செய்யும் என்று தெரிந்தே.

கடைசியில் நான் வெளியேறினேன். அவள் பயந்ததையே உண்மையாக்கிய குற்றவுணர்வு ரொம்ப நாள் இருந்தது. நோயுற்றவரை விட்டுப்போவது தவறா? காய்ச்சலில் கிடப்பவரை விட்டுப்போவது மாதிரி இல்லை இது என்று மட்டும் சொல்வேன். நான் அங்கே இருந்தது அன்பினால் இல்லை, பயத்தினால். அந்த இருப்பு அவளுக்கும் மருந்தாகவில்லை. ஆனால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டு.

நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் ஒரு நல்ல செய்தி சொல்கின்றன. இந்த நோயின் கடுமையான அறிகுறிகள் பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுகள் போகப்போகத் தணிகின்றன. ஆயுள் தண்டனை என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தது தப்பாகிவிட்டது. அவள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். ஒன்றரை வருடம் டி.பி.டி. போனாள். போன வருடம் ஒரு மாலை கூப்பிட்டாள். பொதுவாகப் பேசிவிட்டு, தான் என்னிடம் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாஸ்வேர்டு, கிரிக்கெட், அந்தத் தோழிகள். “அதெல்லாம் நான்தான் செஞ்சேன். நோய் இல்ல” என்றாள். அழவில்லை.

அப்புறம் கேட்டாள். “ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த வியாழக்கிழமை நீ ஆபீஸ்ல இல்லதானே?”

“இல்ல” என்றேன். “பொய் சொன்னேன். நீ கேட்டது சரி. உன் புத்தி சரியாத்தான் இருந்துச்சு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. வண்டிகள் போகிற ஒலி மட்டும் கேட்டது. “தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.